சுருக்கு இல்லாத திரை

எதையாவது பங்கிட வேண்டி வந்தால் டீச்சரின் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றுவிடும். கல்லூரியில் என்றால் சாக்பீஸ் நிற்கும், வீட்டில் என்றால் கத்தி நிற்கும். விருந்தாளிகளுக்காக வாங்கிய கேக்கை வெட்டப் போகும்போது, கத்தியை உயர்த்திப் பிடித்தபடியே, "யாருமே வரலேன்னா?" என்பார். விருந்தாளிகள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்.

கல்யாணமான பதினோரு வருடங்களாக மாஸ்டர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் வருடம் விழித்தார். இரண்டாம் வருடம் சிரித்தார். மூன்றாம் வருடத்திலிருந்து, துணியை மேசையில் விரித்துக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் அவரும் ஒரு நொடி நிற்கத் தொடங்கினார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாது. ஒட்டிக்கொண்ட பழக்கம்.

கல்லூரியில் டீச்சரின் பட்டப்பெயர் 'பூஜ்ஜியம் மேடம்'. முதலாண்டு மாணவர்களுக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தருகிறவர். யார் எதை எழுதிக் காட்டினாலும், வகுத்தல் குறி வந்த இடத்தில் விரலை வைத்து, "இது பூஜ்ஜியமா இருந்தா?" என்று கேட்பார். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, அப்படி ஒரு நிலை வந்தால் நிரல் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பது அதன் பொருள். வெளியே இருப்பவர்களுக்கு அது புரியாது. மதிப்பெண்ணில் பூஜ்ஜியம் போடுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு மாணவியின் அப்பா ஒருமுறை நேரில் வந்து, "பாத்துப் போடுங்க மேடம், வீட்டுல கஷ்டப்பட்டுப் படிக்கிற புள்ள" என்று கெஞ்சிவிட்டுப் போனார். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது இரண்டு நாள் சிரித்தார்.

வகுப்பு போக மீதி நேரத்தில் டீச்சர் செய்யும் வேலையைச் சொல்லிப் புரியவைப்பது இன்னும் கடினம். கணினி எண்களைக் கூட்டும், கழிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டீச்சர் எழுதிய மென்பொருள் எழுத்துகளையே கூட்டிக் கழிக்கும். பள்ளிக்கூடத்தில் எக்ஸ், ஒய் என்று எழுதி, மேலேயும் கீழேயும் ஒரே எழுத்து வந்தால் அடித்துச் சுருக்குவோமே, அதே வேலைதான். ஐம்பது பக்கத்துக்கு நீளும் கணக்கை இரண்டு வரியாக்கித் தந்துவிடும். அதற்கு அவர் வைத்த பெயர் 'சுருக்கு'. எங்கெங்கோ இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். டீச்சரின் அம்மாவோ அக்கம்பக்கத்தில், "என் பொண்ணு கம்ப்யூட்டருக்கே டியூஷன் எடுக்கறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியது அவர் மகள்தான். அதற்கு மேல் விளக்கம் யாருக்கு வேண்டும்?

மாஸ்டருக்கு அந்தப் பெயர் முதல் நாளே பிடித்துப்போனது. கடைத்தெருவின் கோடியில் ஜன்னல் திரைகள் தைக்கும் கடை அவருடையது. துணி வெட்டுகிறவர் என்பதால் ஊரே அவரை மாஸ்டர் என்றது, வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று, "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டதற்கு டீச்சர், "நான் சுருக்கறதுக்கு ஒரு புரோகிராம் எழுதறேன்" என்றார். "அட, நானும் சுருக்குதாங்க வைக்கிறேன். ஜன்னல் திரைக்கு" என்றார் மாஸ்டர். இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இருவர் மட்டும் சிரித்தார்கள். அத்தோடு முடிவாகிவிட்டது.

இந்த வருடம் மாஸ்டரின் பிறந்தநாளுக்கு டீச்சர் கொடுத்த பரிசு ஒரு சின்ன நிரல். ஜன்னல் அகலம், துணி அகலம், எத்தனை சுருக்கு என்று மூன்றைச் சொன்னால் போதும். ஒரு சுருக்குக்கு எவ்வளவு துணி என்று கணக்கிட்டு, எல்லாச் சுருக்குக்கும் சேர்த்து எவ்வளவு என்று அச்சடித்துத் தந்துவிடும். உள்ளே கணக்குப் போடுவது பெரிய 'சுருக்கு'தான். இருபது வருடமாக மனக்கணக்கில் வெட்டுகிறவருக்கு இது தேவையே இல்லை. பெண்டாட்டி கொடுத்ததாயிற்றே என்று பயன்படுத்தினார். கடையில் சம்பளத்துக்குத் தைக்கும் அம்மாவிடம் தாளை நீட்டி, "இனிமே என்னைக் கேக்காதீங்க, இதைக் கேளுங்க" என்று பெருமையாகவும் சொல்லிவைத்தார்.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பல் டாக்டரின் மருத்துவமனையில் மாஸ்டர் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார்.

காத்திருக்கும் அறையின் ஜன்னல்களுக்கு எட்டெட்டுச் சுருக்கு. அவை கச்சிதமாகப் பொருந்தின. சிகிச்சை அறைக்கு மட்டும் டாக்டர் சுருக்கே வேண்டாம் என்றிருந்தார், சுருக்கில் தூசி சேரும் என்று. மாஸ்டர் அந்தத் திரையைக் கம்பியில் கோத்து இழுத்தார். திரை ஜன்னலைத் தாண்டியது. சுவரைத் தாண்டியது. சுவர்க்கடிகாரத்தை முழுசாக மூடிவிட்டுத்தான் நின்றது.

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். "மாஸ்டர், கடிகாரத்துக்கும் சேத்துத் திரை போடச் சொன்னேனா?"

"இல்லீங்க டாக்டர்…"

"பேஷன்டுங்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாக்கக் கூடாதுன்னு யோசிச்சீங்களோ? நல்ல யோசனைதான்."

மாஸ்டர் இறங்கித் தாளை எடுத்துப் பார்த்தார். ஜன்னல் நூற்று அறுபது சென்டிமீட்டர். துணி இருநூறு. சுருக்கு பூஜ்ஜியம். சுருக்குக்குப் போகும் துணி நாற்பது. தைக்கும் அம்மா தாளை நம்பி, நாற்பதும் சுருக்கில் போய்விடும் என்று துணியை வெட்டாமல் அப்படியே தைத்துவிட்டார். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். சுருக்கே இல்லாத திரையில் நாற்பது சென்டிமீட்டர் எந்தச் சுருக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும்?

திரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வேறு நாளாக இருந்தால் வீட்டுக்குப் போய்க் கிண்டலடித்துத் தீர்த்திருப்பார். இன்று மனசு சரியில்லை. வியாழக்கிழமை கல்லூரிக்கு ஒரு குழு வருகிறது. டீச்சரின் வேலை ஒன்பது வருடமாக வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்படும் தற்காலிக வேலை. இனி நீட்டிப்பு கிடையாது, ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு என்று இந்த வருடம் விதி வந்துவிட்டது. இங்கே கிடைக்காவிட்டால் வேறு ஊரில் தேட வேண்டும். அப்புறம் கடை? இந்த ஊரின் ஜன்னல்களில் பாதிக்கு மேல் அவருக்கு அளவெடுக்காமலே தெரியும். அதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியுமா?

அந்தக் குழுவுக்குக் காட்ட டீச்சர் தயாரித்து, முன்கூட்டியே ஒரு பிரதியும் அனுப்பியிருந்த முதல் பக்கம் சமையலறை மேசையில் மூன்று நாளாகக் கிடக்கிறது. அதில் பெரிய எழுத்தில் ஒரே வரி: 'பதினோரு ஆண்டுகள். ஒரு தவறான விடைகூட இல்லை.'

நாற்பது சென்டிமீட்டரை வெட்டி ஓரம் அடித்தால் கால்மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது. வியாழன் தாண்டட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்துகொண்டு மாஸ்டர் கடைக்குத் திரும்பினார். மேசையில் துணியை விரித்தார். கத்தரிக்கோலை எடுத்தார். வழக்கம்போலக் கை ஒரு நொடி நின்றது. பிறகு அது இறங்கவே இல்லை. திரையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

செவ்வாய் மதியம் டீச்சருக்கு வகுப்பில்லை. மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன மாஸ்டர், சீக்கிரமே கடைய சாத்திட்டீங்க?" என்றார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். சுருக்கே இல்லாத திரைக்கு, சுருக்குக்கு எவ்வளவு துணி போகும்?"

"இது என்ன கேள்வி? ஒண்ணும் போகாது."

"உன் பொட்டி நாப்பதுங்குது."

"தப்பா டைப் பண்ணியிருப்பீங்க. என்ன குடுத்தீங்கன்னு ஒருதரம் சரிபாருங்க."

மாஸ்டர் தாளை மேசையில் வைத்தார். டீச்சர் பார்த்தார். தானே ஒருமுறை தட்டிப் பார்த்தார். நாற்பது. இன்னொருமுறை. நாற்பது. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். மிச்சத் துணியை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு சுருக்கு. அதை எண்ணிக்கையால் பெருக்கினால் எல்லாச் சுருக்கும். கீழே எண்ணிக்கை, மேலேயும் எண்ணிக்கை. பென்சில் நின்றது.

"அடிச்சிடுச்சு" என்றார் மெதுவாக.

"யார அடிச்சிச்சு?"

"எத்தனைன்னு நம்பர் வர்றதுக்கு முன்னாடியே மேலயும் கீழயும் அடிச்சுத் தள்ளிடுச்சுங்க. அது பூஜ்ஜியமா இருந்தா அடிக்கக் கூடாது. கேக்கவே இல்ல. ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டயும் கேட்டேன், இதுக்குச் சொல்லிக்குடுக்கல."

பழைய வரிகளைத் திறந்து தேடினார். அந்த வரி எழுதப்பட்ட தேதி ஓரத்தில் இருந்தது. அவர்களுடைய கல்யாணத்துக்கு ஆறு நாள் முந்தியது.

"கல்யாண அவசரத்துல எழுதியிருக்கேன்."

"அப்ப தப்பு என் மேலதான்" என்றார் மாஸ்டர். "ஒரு வாரம் தள்ளி வச்சிருக்கணும்."

டீச்சர் சிரித்துவிட்டார். சிரிப்பு முடியும் முன்பே முகம் மாறியது. "இரு இரு… இந்தக் கதைய நான் எங்கயோ கேட்டிருக்கேன்."

பதற்றத்தில் கணவனுக்கு 'நீங்க' போய்விட்டதை அவர் கவனிக்கவில்லை. மாஸ்டர் கவனித்தார், ரசித்தார், சொல்லவில்லை.

'சுருக்கு'க்கு வரும் புகார்களுக்கு எல்லாம் ஒரு எண் உண்டு. டீச்சர் பட்டியலில் பின்னோக்கிப் போனார். 214-ஆவது புகார், நான்கு வருடம் முந்தியது. அனுப்பியவர் சொந்தப் பெயர் போடாமல் 'நத்தை' என்று கையெழுத்திட்டிருந்தார். டீச்சர் அதை வாய்விட்டுப் படித்தார்:

'வணக்கம். எங்கள் பேருந்துப் பணிமனைக்காக உங்கள் மென்பொருளை வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஒரு தடத்தில் பேருந்தே இல்லை என்று பூஜ்ஜியம் போட்டாலும் நூற்று இருபது பேர் ஏறிப் போனதாகக் காட்டுகிறது. நான் அதிகம் படித்தவன் இல்லை. தவறு என்னுடையதாகவும் இருக்கலாம். நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள்.'

கீழே டீச்சர் எழுதிய பதில்: 'உள்ளீட்டைச் சரிபார்க்கவும்.' புகார் மூடப்பட்டது. வந்த நேரத்துக்கும் மூடிய நேரத்துக்கும் இடையே நான்கு நிமிடம்.

டீச்சர் எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார். அவருடைய அப்பா வேன் ஓட்டியவர். பள்ளியில் சேர்க்கப் போன அன்று, அலுவலக ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் படிவத்தை வெளியே தள்ளி, "சரியா எழுதிட்டு வா" என்றார். எது சரியில்லை என்று சொல்லவில்லை. அப்பா மூன்று முறை எழுதினார். கடைசியில் பார்த்தால் படிவமே பழைய படிவம். இந்தக் கதையை டீச்சர் மாஸ்டரிடம் பத்து முறையாவது சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் அந்த ஜன்னல்காரரைத் திட்டியபடி. இன்று திட்டவில்லை.

"அந்த ஜன்னலுக்கு உள்ள உக்காந்திருந்தது நானு" என்றார்.

மாஸ்டர் உள்ளே போய் டீ போட்டார். டம்ளரை நீட்டிக்கொண்டே, "வியாழக்கிழம…" என்று இழுத்தார்.

"அந்தத் திரைய வெட்டிடாதீங்க. எனக்கு வேணும்" என்றார் டீச்சர். பிறகு மேசையில் கிடந்த முதல் பக்கத்தை எடுத்துத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் எழுதத் தொடங்கினார்.

புதன்கிழமை முழுக்க வீட்டில் சோறு தண்ணி நினைவில்லை. ஒரு வரியைத் திருத்தினால், அதை நம்பியிருந்த, விடை சரியா என்று பார்க்கும் முப்பத்தொன்பது சோதனைகள் பொலபொலவென்று விழுந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. நடுவே முதலாண்டு வகுப்பு வேறு. டீச்சர் அந்தப் பழைய வரியை வகுப்பறைக் கணினித் திரையில் போட்டு, "இதுல ஒரு தப்பு இருக்கு. எழுதினவங்களுக்குத் தான் பெரிய மேதாவின்னு நெனப்பு. கண்டுபிடிங்க" என்றாராம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், பயந்து பயந்து கை தூக்கி, "மேடம்… இது பூஜ்ஜியமா இருந்தா?" என்றாளாம். வகுப்பு இடிந்து விழுகிற மாதிரி சிரித்திருக்கிறது. "எழுதினது யாரு மேடம்?" என்று கேட்டபோது டீச்சர் தன் மேலேயே விரலை நீட்டியிருக்கிறார். சிரிப்பு நின்றுவிட்டதாம். அதைச் சொல்லும்போது டீச்சருக்குக் கண் மின்னியது. "ஒன்பது வருஷத்துல இவ்வளவு நல்லா ஒரு வகுப்பு எடுத்ததில்லைங்க."

வியாழக்கிழமை மாஸ்டர் கடையைத் தைக்கும் அம்மாவிடம் விட்டுவிட்டு, திரையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனார். அறைக்குள் அவருக்கு இடமில்லை. தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. கதவு முழுசாகச் சாத்தவில்லை. சந்து வழியாகப் பார்த்தால் குழுவினர் மூவரும் பக்கவாட்டில் தெரிந்தார்கள். ஒருவர் கணிதப் பேராசிரியர், ஒருவர் கல்லூரிப் பதிவாளர், மூன்றாமவர் நீரேற்றும் பம்புகள் வடிவமைக்கும் பொறியாளர், சிரித்தால் அபராதம் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் வெள்ளைப் பலகையின் மேல் திரையைத் தொங்கவிட்டார். பலகையைத் தாண்டி நாற்பது சென்டிமீட்டர் சுவரில் வழிந்தது. பல் டாக்டரில் தொடங்கி, அடிபட்டுப்போன எண்ணிக்கையைச் சொல்லி, 214-ஐயும் தன் நான்கு நிமிடப் பதிலையும் அப்படியே படித்துக் காட்டினார். தாழ்வாரத்தில் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு. இந்த ஊரின் ஜன்னல்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"ஒண்ணு கேக்கறேன்." பொறியாளரின் குரல். "இத நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. இல்லையா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்புறம் ஏன்?"

"மறைக்கத்தான் பாத்தேன். நாப்பது சென்டிமீட்டர் வெளிய தெரியுதே."

முதலில் சிரித்தது பொறியாளர்தான். "பதினோரு வருஷம் ஒரு தப்புகூட இல்லேன்னு நீங்க அனுப்பின தாள்ல இருந்துது. அதப் படிச்சுட்டு, ஒண்ணு இவங்க பொய் சொல்றாங்க, இல்ல யாருமே இத உபயோகிக்கறதில்லன்னு நெனச்சுத்தான் வந்தேன். இப்பத்தான் நிம்மதி."

பதிவாளர் மட்டும் திரையைத் தடவிப் பார்த்து, "துணி நல்லா இருக்கே, எங்க வாங்கினது?" என்றார். அவருக்கு அன்றே மாஸ்டரின் கடை விலாசம் கிடைத்தது.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம். மென்பொருளைப் பராமரிப்பதும் இனிமேல் அவருடைய வேலையில் சேர்த்தி, திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதில்லை. கடிதத்தில் 'சுறுக்கு மென்பொருள்' என்று வல்லின றகரம் போட்டிருந்தார்கள். "இதுக்கும் ஒரு புகார் நம்பர் போடணும்" என்றார் டீச்சர். டீச்சரின் அம்மா தொலைபேசியில், "அப்ப கம்ப்யூட்டர் பாஸாயிடுச்சா?" என்று கேட்டார். "ரெண்டு பேருமே பாஸும்மா" என்றார் மகள்.

புதிய 'சுருக்கு' இப்போது எதையும் சும்மா அடிப்பதில்லை. விடையைத் தந்துவிட்டுக் கீழே ஒரு வரி சேர்க்கிறது: 'எண்ணிக்கை பூஜ்ஜியமானால் இது பொருந்தாது.' "மேடத்தோட வாய் அப்படியே வந்துடுச்சு" என்கிறார்கள் மாணவர்கள்.

பயன்படுத்துகிற முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் டீச்சர் தனித்தனியாக எழுதினார். பதினொரு பேர் தங்கள் கணக்கில் பிழை கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்கள். ஒருவர் திட்டினார், அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டார். ஒருவர் தன்னுடைய கணக்கு இத்தனை நாள் ஏன் இவ்வளவு அழகாக வந்தது என்று இப்போதுதான் புரிகிறது என்றார். நத்தைக்கு எழுதியது மட்டும் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரி இல்லை.

டீச்சர் விடவில்லை. தெரிந்த பேருந்துப் பணிமனைகளுக்கெல்லாம் தொலைபேசியில் பேசினார். மாஸ்டரும் ஒன்றிரண்டுக்கு நேரில் போய் விசாரித்தார். ஓர் இடத்தில், "நத்தையா? எங்க வண்டி எல்லாமே அதுதாங்க" என்றார்கள். இன்னோர் இடத்தில், கணக்குப் பார்த்த ஒருவர் வேலையை விட்டு மூன்று நான்கு வருடம் ஆகிறது, பெயர் சரியாக நினைவில்லை என்றார்கள். கணக்குத் தப்பாக வந்ததால்தான் போனாரா என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து டீச்சரிடம் அவ்வளவையும் சொன்னார். அவர் கேட்காமல் விட்டதையே டீச்சர் கேட்டார்.

மென்பொருளோடு சேர்ந்து போகும் நன்றிப் பட்டியலில் இப்போது முதல் பெயர் நத்தை, இரண்டாவது மாஸ்டர். "தோள்ல சுமந்துட்டு வந்தவனுக்கு ரெண்டாவது எடமா?" என்று மாஸ்டர் கோபித்துக்கொண்டார். "அவர் நாலு வருஷம் முன்னாடி வந்தாருங்க. நான்தான் கதவச் சாத்தினேன்" என்றார் டீச்சர்.

பிழை திருத்தியாகிவிட்டதே, மறுபடி திறந்துவைத்த 214-ஐ மூடிவிடலாமே என்று உடன் வேலை செய்கிறவர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். புகார் பட்டியலின் தலைப்பில், மற்றதெல்லாம் தீர்ந்துபோன நாளிலும், 'திறந்தவை: 1' என்றே நிற்கிறது, பார்ப்பவர்களுக்கு உறுத்துகிறது. "தப்பு சரியாயிடுச்சு. அவருக்குப் பதில் போகல" என்பதுதான் டீச்சரின் பதில்.

ஒருநாள் காலை, ஆப்பிளை நறுக்க டீச்சர் கத்தியை எடுத்தபோது மாஸ்டர் கேட்டார். "டீச்சர், அந்தப் பட்டியல் பூஜ்ஜியமே ஆகலேன்னா?"

கத்தி அந்தரத்தில் நின்றது. வழக்கமாக ஒரு நொடிதான் நிற்கும். அன்று கொஞ்சம் கூடுதலாக நின்றது. பிறகு டீச்சர் ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அவரிடம் நீட்டிவிட்டு, கல்லூரிக்குக் கிளம்பினார்.

214 இன்னும் திறந்தே இருக்கிறது.